ஸ்டெர்ன்ட்ரைவ் உயரம் சரியா வைக்கிறது எப்படி: மொரீஷியஸ்ல ஒரே போட்டுக்கு ரெண்டு தடவை ட்ரான்சம் வெட்டுனவன் சொல்றேன்

நான் தூத்துக்குடிக்காரன். ஊர்ல விசைப்படகு டீசல் எஞ்சின்லயும் ஃபைபர் வள்ளத்துப் பின்னாடி வெளிய மாட்டுற அவுட்போர்டு எஞ்சின்லயும்தான் கை வச்சுப் பழக்கம். மொரீஷியஸ் வந்து கிழக்குக் கரையில த்ரூ தோ தூஸ் பக்கம் ஒரு போட் பட்டறையில சேந்தேன். இங்கயும் அவுட்போர்டுதான் அதிகம், ஆனா நடுவுல நடுவுல ஸ்டெர்ன்ட்ரைவ் வரும். எஞ்சின் போட்டுக்குள்ள இருக்கும், பின்பலகைக்கு (ட்ரான்சம்னு சொல்றது இதைத்தான்) வெளிய கால் மாதிரி ட்ரைவ் தொங்கும், நடுவுல பின்பலகையில பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை எந்த உயரத்துல வெட்டணும்ங்கிறதுதான் விஷயம். அதை நான் தப்பா வெட்டி, மூடி, மறுபடி வெட்டுனேன். நம்ம ஊர்ல இருந்து புதுசா வேலைக்கு வர்ற பசங்களும், பழைய போட் வாங்கி ட்ரைவ் மாத்தலாம்னு இருக்கிற இங்கத்த தமிழ் ஆளுங்களும் இதைப் படிச்சிட்டு ரம்பத்தைக் கையில எடுங்க.

அவுட்போர்டு பழக்கத்துல வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். அவுட்போர்டுன்னா போல்ட்டைக் கழட்டி ஒரு ஓட்டை மேல ஏத்தி மாட்டிப் பாக்கலாம், பிடிக்கலன்னா இறக்கிக்கலாம். இதுல அந்தப் பேச்சே கிடையாது. வெட்டுனது வெட்டுனதுதான். எஞ்சினோட பின் பக்கமே பின்பலகை ப்ளேட்டு மேலதான் உக்காருது, அதனால ஓட்டை ஏறுனா ட்ரைவும் ஏறும், எஞ்சின் பின்பக்கமும் ஏறும். எஞ்சினை முன்னாடி தாங்குற மவுண்ட்டை மட்டும்தான் திருகி ஏத்தி இறக்கலாம், அது அலைன்மென்ட்டுக்கு, உயரத்துக்கு இல்ல.

1. முதல்ல, பிரச்சனை உயரம்தானான்னு பாருங்க

திரும்பும்போது எஞ்சின் சுத்து திடீர்னு எகிறி போட் தொப்புனு உக்காருதா, ப்ரொப்பெல்லர் தண்ணியைப் பிடிக்காம காத்தைப் பிடிக்குதுன்னு அர்த்தம். ட்ரைவ் ரொம்ப மேல இருந்தா இதான் நடக்கும். கூடவே கூலிங் தண்ணி இழுக்குற வாய் ட்ரைவோட கீழ்க் கால்லயே இருக்கிற மாடல்னா அதுவும் காத்தை இழுக்கும், டெம்பரேச்சர் முள்ளு ஏறும். ரொம்பக் கீழ இருந்தா வேற மாதிரி: ஸ்பீடு வராது, பின்னாடி தண்ணி பீச்சி அடிக்கும், ஸ்டியரிங் கனக்கும், பெட்ரோல் குடிக்கும், இங்க லகூன், அதாவது பவளத் திட்டுக்கு உள்பக்கக் கடல், ஆழம் கம்மிங்கிறதால பவளத்துல வேற இடிக்கும்.

ஆனா இதே அறிகுறி வேற காரணத்தாலயும் வரும், அதையெல்லாம் ஒதுக்கிட்டுத்தான் ட்ரான்சம் பக்கம் போகணும். ப்ரொப்பெல்லர் நடுவுல இருக்கிற ரப்பர் ஹப் வழுக்குனாலும் சுத்து எகிறும். மார்க்கர் பேனாவால ஹப்லயும் அதைச் சுத்தி இருக்கிற உலோகத்துலயும் சேத்து ஒரே கோடா போட்டுட்டு ஓட்டிட்டு வாங்க, கோடு ரெண்டா விலகி நின்னா ஹப்தான் போச்சு. ப்ரொப்பெல்லருக்கு நேர் முன்னாடி அடியில எக்கோ சவுண்டர் சென்சாரோ குழாய் வாயோ இருந்தா அதுலருந்து காத்துக் குமிழி கிளம்பும். கீல், நம்மூர்ல ஏரான்னு சொல்லுவோமே, அது பின்பலகை வரைக்கும் நீண்டு வந்தாலும் அப்படித்தான். அடியில பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தாலும் ஓட்டம் கெடும். ட்ரிம்மை, அதாவது ட்ரைவோட சாய்வை, ரொம்ப வெளிய தூக்கி வச்சு ஓட்டுறவங்களும் உண்டு, அதுக்கு மெக்கானிக் தேவையில்ல.

2. பேப்பர் வேலை

இதை நான் கடைசில செஞ்சேன். நீங்க முதல்ல செய்யுங்க.

ட்ரைவ் மேல இருக்கிற சீரியல் நம்பர், மாடல், எஞ்சின் சீரியல் நம்பர், மூணையும் போட்டோ எடுத்துக்கோங்க. அந்த நம்பருக்குரிய இன்ஸ்டாலேஷன் மேனுவலை வாங்குங்க, சர்வீஸ் மேனுவல் வேற இது வேற, டீலர் கிட்ட கேக்கும்போது இன்ஸ்டாலேஷன்னு அழுத்திச் சொல்லுங்க. அதுல வெட்டுற டெம்ப்ளேட்டும் வரும், இல்லன்னா டீலர் கிட்ட ட்ரில்லிங் ஜிக் வாடகைக்குக் கிடைக்குமான்னு கேளுங்க.

ட்ரைவ் வெளிநாட்டுல இருந்து வருதுன்னா இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் பில், மூணும் ஒரே பேர்ல ஒரே சாமான் விவரத்தோட இருக்கணும். கஸ்டம்ஸ்ல எழுத்து மாறுனா உங்க சாமான் கிடங்குல உக்காந்து வாடகை ஏத்தும். இங்க வாட் 15 சதவீதம், அதை சாமான் விலைக்கு மட்டும் கணக்குப் போட்டு ஏமாறாதீங்க, கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேத்துதான் போடுவாங்க.

போட் ப்ளெஷர் க்ராஃப்ட் (உல்லாசப் படகு) லைசன்ஸ்ல ஓடுதுன்னா அது டூரிசம் அத்தாரிட்டி குடுக்குறது. எஞ்சினோ ட்ரைவோ மாத்துறதுக்கு முன்னாடியே அங்க போய், இன்ஷூரன்ஸ்காரங்க கிட்டயும் போய், என்ன பேப்பர் வேணும், மறுபடி சர்வே பண்ணணுமான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. வேலை முடிஞ்சப்புறம் கேட்டா பதில் வேற மாதிரி இருக்கும். ட்ரான்சம் உள் வேலையை ஒவ்வொரு கட்டத்துலயும் ஸ்கேலை பக்கத்துல வச்சு போட்டோ எடுங்க, ஏன்னா மேல்பூச்சு ஜெல்கோட் அடிச்சப்புறம் உள்ள என்ன இருக்குன்னு சர்வேயருக்குத் தெரிய வேற வழியே இல்ல.

பாஷை விஷயம் ஒண்ணு. இங்க ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இருக்கும், அதைப் பாத்துட்டு பட்டறையிலயும் தமிழ் ஓடும்னு நான் நினைச்சு வந்தேன். எங்க முதலாளி அண்ணன் காவடிக்கு விரதம் இருந்து கோயில்ல தமிழ்ல பாடுவாரு, ஆனா பேச்செல்லாம் க்ரியோல்தான். அளவைப் பேசி முடிக்காதீங்க, பேப்பர்ல படம் போட்டு மில்லிமீட்டர்ல எழுதி ரெண்டு பேரும் பாத்துக்கோங்க. அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்தா வம்பு.

3. எந்த அளவைப் பிடிக்கணும்

ஸ்டெர்ன்ட்ரைவ் செய்ற மெர்க்ரூஸர் கம்பெனியோட மேனுவல்ல எக்ஸ் டைமென்ஷன்னு ஒண்ணு போட்டிருப்பாங்க. போட்டோட அடி லைன்ல இருந்து எஞ்சின் கிராங்க் ஷாஃப்ட்டோட நடுக்கோடு பின்பலகையை எங்க தொடுதோ அது வரைக்கும் உள்ள தூரம். அவ்வளவுதான். ஓட்டையோட அடி விளிம்பு இல்ல, மேல் விளிம்பு இல்ல, தண்ணி மட்டத்துல இருந்து எடுக்கிறதும் இல்ல.

நான் பண்ண தப்பு இங்கதான். எங்களுக்கு வந்தது 22 அடி ஃபைபர் போட், அதுல பழைய ஓஎம்சி ட்ரைவ். அந்தக் கம்பெனி 2000 டிசம்பர்லயே திவாலாயிடுச்சு, சாமான் தேடி அலுத்துப் போய் ஓனர் 4.3 லிட்டர் வி6 எஞ்சினோட மெர்க்ரூஸர் ஆல்ஃபா போடலாம்னாரு. மேனுவல் வர லேட் ஆச்சு. பக்கத்துல அதே நீளத்துல இன்னொரு போட் ஸ்டாண்டுல நின்னுச்சு, அதுல ஓட்டை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு டேப் வச்சுப் பாத்து அப்படியே நம்ம போட்டுக்கு மாத்திட்டேன். அந்த போட்ல இருந்தது வேற மாடல் ட்ரைவ், கால் நீளமானது. நீளக் காலுக்கு வெட்டுன உயரத்துல குட்டைக் காலை மாட்டுனா என்ன ஆகும்? ப்ரொப்பெல்லர் மேல நிக்கும். 38 மில்லிமீட்டர் மேல நின்னுச்சு. கட்டை விரல் நீளம் கூட இல்லையேன்னு தோணும், இல் ஓ செர்ஃப் தீவுக்குப் போற வழியில முதல் திருப்பத்துலயே அது எவ்வளவு பெரிய தூரம்னு தெரிஞ்சுது.

அதனாலதான் நான் இங்க எந்த மாடலுக்கும் எக்ஸ் அளவு எழுதல. உங்க ட்ரைவ் மாடலுக்கு, உங்க போட் வகைக்கு மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதான் உங்க நம்பர். வேற ஆள் சொன்ன நம்பர், பக்கத்து போட் நம்பர், பழைய ஓட்டையோட நடு, மூணும் வேண்டாம்.

இன்னொரு கண்ணி. பின்பலகை நேரா நிக்காது, பின்னால சாஞ்சு நிக்கும், மெர்க்ரூஸருக்கு 10-ல இருந்து 16 டிகிரி வரைக்கும் ஒத்துக்கும். இந்த சாய்வு மேலயே டேப் வச்சு அளக்கிறதும், நேர் செங்குத்தா அளக்கிறதும் ஒண்ணு இல்ல. 13 டிகிரி சாய்வுல செங்குத்தா 400 மில்லிமீட்டர்னா சாய்வு மேல கிட்டத்தட்ட 410 வரும், 10 மில்லிமீட்டர் அங்கயே போச்சு. மேனுவல் படத்துல அளவுக் கோடு எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாத்துட்டு அப்படியே அளங்க.

ரெட்டை எஞ்சின் போட்டுன்னா ட்ரைவ் நடுவுல இருக்காது, வி அடியில பக்கவாட்டுல போகப் போக அடி மேல ஏறும், அதுக்கு மேனுவல்ல தனி படம் இருக்கும், ஒத்தை எஞ்சின் கணக்கைப் போடாதீங்க.

4. அடி லைனை எடுக்கிறது

ரெண்டு மீட்டர் அலுமினியம் பாக்ஸ் பட்டை ஒண்ணு வேணும், கொத்தனார் ரசமட்டத்துக்கு வச்சிருப்பாரே அது போதும், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி கண்ணை ஒட்டி வச்சு நெளிவு இருக்கான்னு பாருங்க. போட் அடியில நடுக்கோட்டுல அதை அழுத்திப் பிடிச்சு, பின்பலகையைத் தாண்டி ஒரு அடி வெளிய நீட்டுங்க. அந்தப் பட்டையோட மேல் விளிம்புதான் உங்க சைபர்.

கீல் பட்டை தனியா துருத்திக்கிட்டு இருந்தா அதோட அடியில இருந்து எடுக்கக்கூடாது, ரெண்டு பக்க அடித்தளமும் நடுவுல சேர்ற இடம்தான் அடி. அதே மாதிரி பட்டைக்கும் அடிக்கும் நடுவுல பின்னாடி பக்கம் சந்து தெரிஞ்சாலோ, பின் ஓரம் கீழ கொக்கி மாதிரி இறங்கியிருந்தாலோ, அதை முதல்ல தேச்சோ நிரப்பியோ நேராக்குங்க. தப்பான அடியில இருந்து சரியா அளந்து புண்ணியமில்ல.

சாய்வு டிகிரி எடுக்க போன் ஆப் வச்சிருக்கவங்க கவனம். போன் காட்டுறது பூமிக்கு எதிரா, உங்களுக்கு வேண்டியது போட் அடிக்கு எதிரா. ட்ரெய்லர் மூக்கு ரெண்டு டிகிரி தூக்கி இருந்தா கணக்கும் ரெண்டு டிகிரி தப்பு. அடிப் பட்டைல ஒரு தடவை, ட்ரான்சம்ல ஒரு தடவை வச்சு, செங்குத்துல இருந்து எவ்வளவு விலகுதுன்னு கழிச்சுப் பாருங்க.

நடுக்கோடு: ரெண்டு பக்கமும் அடியும் பக்கச் சுவரும் சேர்ற சைன் மூலையில இருந்தும் ஒரே நீளக் கயித்தால வளைவு போடுங்க, வெட்டுற இடம் நடு. கண்ணளவுல நடு பிடிச்சா ட்ரைவ் ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும்.

5. பழைய ஓட்டையும் பலகையும்

வேற கம்பெனி ட்ரைவ் இருந்த ஓட்டைன்னா பெரும்பாலும் முழுசா மூடிட்டுத்தான் புதுசா வெட்டணும். எங்க போட்ல பழைய வெட்டு ஓரத்துக்கு யாரும் ரெசின் தடவாம விட்டிருந்தாங்க, ஸ்க்ரூட்ரைவர் வச்சுக் குத்துனா கேக்குல போற மாதிரி போச்சு. அழுகுனதை எல்லாம் வெட்டி எடுத்து மரைன் ப்ளைவுட்டும் எபாக்சியும் போட்டோம். சுத்தி உள்ள ஃபைபரை சாய்வாத் தேய்க்கணும், கனத்துக்குப் பன்னெண்டு மடங்கு அகலம், அதாவது 5 மில்லிமீட்டர் கனம்னா 60 மில்லிமீட்டர் சாய்வு. செங்குத்தா அடைச்சு மேல ரெண்டு ஃபைபர் மேட் ஒட்டுனா அது மூடி, ட்ரான்சம் இல்ல.

முடிஞ்சதும் கனம் பாருங்க. மெர்க்ரூஸருக்கு 51-ல இருந்து 57 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கணும், உள் முகமும் வெளி முகமும் இணையா இருக்கணும், ட்ரைவ் உக்கார்ற இடத்துல எல்லா மூலையிலயும் அளந்து பாத்தா வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. எபாக்சி நல்லா இறுக ஒரு வாரம் விடுங்க. ஓனர் அவசரப்பட்டு வந்து நிப்பாரு, நிக்கட்டும்.

6. குறி போட்டு வெட்டுறது

டெம்ப்ளேட் பேப்பரை ஜெராக்ஸ் எடுக்காதீங்க. எடுத்தே ஆகணும்னா அதுல போட்டிருக்கிற அளவுக் கோட்டை ஸ்கேலால அளந்து நூத்துக்கு நூறு வருதான்னு பாருங்க, பேஜுக்கு ஃபிட் பண்றேன்னு ப்ரிண்டர் சுருக்கிடும்.

கிராங்க் நடுப்புள்ளியை மார்க் பண்ணி ஒரு ராத்திரி விடுங்க. காலையில டேப்பை மாத்தி, முடிஞ்சா வேற ஆளை வச்சு, அடி லைன்ல இருந்து மறுபடி அளங்க. ரெண்டு பேரும் சொல்ற நம்பர் ஒத்துப்போனா முதல்ல 6 மில்லிமீட்டர்ல ஒரு குட்டி ஓட்டை போட்டு உள்பக்கம் எங்க வருதுன்னு பாருங்க. எஞ்சின் படுக்கையோட உயரத்துக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தம் இருக்கான்னு இங்கயே தெரிஞ்சுரும். முன் மவுண்ட் ஏறி இறங்குற அளவுக்கு மேல படுக்கை இருந்தா, படுக்கையை வெட்டுங்க, ட்ரைவ் உயரத்தை மாத்தாதீங்க. இந்த இடத்துலதான் நிறைய பேர் "ஒரு அரை அங்குலம்தானே"ன்னு ட்ரைவை ஏத்துறது.

இன்னொரு சோதனை, எக்ஸாஸ்ட் எல்போ, அதாவது எஞ்சின் புகை வெளிய போற வளைஞ்ச குழாய். ஃபுல் டேங்க், ஃபுல் ஆளுங்க ஏறுனா தண்ணி மட்டம் எங்க வரும், அதுல இருந்து எல்போ உச்சி எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு மேனுவல்ல குறைஞ்சபட்ச அளவு இருக்கும். அது பத்தலன்னா தண்ணி திரும்பி எஞ்சினுக்குள்ள வரும். அதுக்கு உயரம் கூட்டுற ரைசர் துண்டு விக்கிறாங்க, அதைப் போடுங்க. அதுக்காகவும் ட்ரைவை ஏத்தாதீங்க.

வெட்டுனதும் ஓட்டை ஓரம் முழுக்க, போல்ட் ஓட்டைக்குள்ளயும், எபாக்சி தடவுங்க. பழைய ஆள் விட்ட வேலை இதான், அதுக்குத்தான் நாங்க பலகையையே மாத்துனோம்.

7. மாட்டுறது

ட்ரான்சம் ப்ளேட் நட்டு 20-ல இருந்து 25 பவுண்டு-அடி, ஆல்ஃபா ட்ரைவ் நட்டு 50 பவுண்டு-அடி, அதாவது 68 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரென்ச் இல்லாம இதைச் செய்யாதீங்க.

அலைன்மென்ட் பாரை ட்ரான்சம் ப்ளேட்டுல இருக்கிற கிம்பல் பேரிங் வழியா, எஞ்சினையும் ட்ரைவ் ஷாஃப்ட்டையும் சேக்குற கப்ளருக்குள்ள விடுங்க. ரெண்டு விரல்ல தள்ளுனா போகணும், வெளிய வரணும். நுனியில கொஞ்சம் க்ரீஸ் தடவி விட்டு எடுத்தா பல் தடம் சுத்திலும் ஒரே மாதிரி விழுந்திருக்கணும், மேல மட்டும் விழுந்தா முன் மவுண்ட்டைத் திருத்தணும். சுத்தியால தட்டி உள்ள விட்டேன்னு எவனாச்சும் பெருமையா சொன்னா அந்தப் பட்டறை பக்கம் போகாதீங்க.

ட்ரைவ் அலுமினியம், அதுல காப்பர் கலந்த அடிப் பெயின்ட் அடிக்கக் கூடாது, அரிச்சுத் தின்னுடும்.

8. தண்ணில பாக்குறது

காலையில காத்து எழும்புறதுக்கு முன்னாடி லகூன் உள்ள போங்க. இங்க ஏத்த வத்தம் அரை மீட்டர் கிட்டத்தான், ஆனா லகூன்ல அந்த அரை மீட்டர்தான் பவளத்துக்கும் ட்ரைவுக்கும் நடுவுல இருக்கிறது, அதனால ஏத்தத்துல போங்க. முதல்ல தனியா, அப்புறம் ஆளுங்களை ஏத்தி.

ட்ரிம்மை உள்ள வச்சு ப்ளேன்ல, அதாவது போட் எழும்பி தண்ணி மேல வழுக்கி ஓடுற நிலைக்கு, ஏத்துங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுங்க. ஜிபிஎஸ் ஸ்பீடு, ஆர்பிஎம், ட்ரிம் நிலை, டெம்பரேச்சர், நாலையும் இன்னொருத்தர் எழுதட்டும். முழு த்ராட்டில்ல சுத்து எஞ்சினுக்குச் சொன்ன வரம்புக்குள்ள வரணும், எங்க 4.3-க்கு அது 4400-ல இருந்து 4800. வலது இடது ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் பிடி விடுறதும் உண்டு. நீச்சல் மேடை மறைக்கும், போனை ஒரு கம்புல கட்டி ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்கிற தகட்டை வீடியோ எடுத்தா தண்ணி எந்த மட்டத்துல ஓடுதுன்னு தெரியும்.

நாங்க முதல் தடவை இதை முறையா செய்யல. நேர்ல நல்லா ஓடுச்சு, சந்தோஷமா குடுத்துட்டோம். மூணாம் நாள் போன் வந்துச்சு. ப்ரொப்பெல்லர்தான்னு சொல்லி புதுசு ஒண்ணு வாங்க வச்சேன், அதுவும் பிடிக்கல. அந்த ப்ரொப்பெல்லர் இன்னும் பட்டறைச் சுவத்துல தொங்குது, அண்ணன் கழட்ட விட மாட்டேங்குறாரு.

9. தப்பாயிருந்தா

கொஞ்சம்தான் மேல இருக்குன்னா ஓரம் மடிச்ச கப் அதிகமான ப்ரொப்பெல்லர் காத்து பிடிக்கிறதைக் குறைக்கும். மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் நடுவுல போடுற ஸ்பேசர் சில மாடலுக்குக் கிடைக்கும், காலை நீளமாக்கும். கீழ இருக்கிறதைச் சரி பண்ண குட்டைக் கீழ் கால் சில மாடலுக்கு வருது, விலையைக் கேட்டா ட்ரான்சம் வெட்டுறதே மலிவுன்னு தோணும். எங்க 38 மில்லிமீட்டருக்கு கப் பத்தல, ஸ்பேசர் வர்றதுக்கு ஆகுற நாளையும் வாட்டையும் கூட்டிப் பாத்துட்டு, மறுபடி மூடி மறுபடி வெட்டுனோம்.

10. காசும் நாளும்

முதல் வெட்டுக்கு கூலி ரெண்டு நாள். தப்பைத் திருத்த எஞ்சினை வெளிய எடுக்கணும், ட்ரைவைக் கழட்டணும், கிரேனுக்கு ரெண்டு தடவை காசு, எபாக்சி, காயுற ஒரு வாரம், ஸ்டாண்ட் வாடகை, புது சீல், மறுபடி அலைன்மென்ட். மொத்தம் மூணு வாரம், செலவு முதல் வேலையை மாதிரி மூணு மடங்கு. என் சம்பளத்துல பிடிக்கல, ஆனா அந்த வருஷம் ஊருக்குப் போற லீவை நானே கேக்கல.

மாசத்தைப் பாத்து ஆரம்பிங்க. நவம்பர்ல இருந்து மே நடு வரைக்கும் சைக்ளோன் காலம், எச்சரிக்கை வந்தா எல்லா போட்டும் ஒரே நாள்ல கரைக்கு ஏறும், அப்போ பாதி வெட்டுன ட்ரான்சத்தோட கிரேன் இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னா திட்டு விழும். டிசம்பர்ல டூரிஸ்ட் கூட்டம், ஓனர் போட்டைக் குடுக்க மாட்டாரு. வருஷக் கடைசியில கடை பட்டறை மூடும், அப்புறம் காவடி லீவு, சீனப் புத்தாண்டு லீவு, மகா சிவராத்திரி லீவுன்னு வரிசையா வரும், பார்ட்ஸ் கடையில ஆள் இருக்காது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கிழக்குக் கரையில காத்து அடிக்கும், டெஸ்ட் ஓட்டத்துக்கு நாள் கிடைக்கிறது கஷ்டம், ஆனா பட்டறை வேலைக்கு நல்லது. நான் இப்போ ஆகஸ்ட்ல வெட்டி, காத்து குறையுற அக்டோபர்ல தண்ணில இறக்குற மாதிரி தேதி குடுக்குறேன்.

இறக்கி 20 மணி நேரம் ஓடுனப்புறம் ஒரு தடவை மேல ஏத்தி ட்ரைவ் நட்டு, மவுண்ட் போல்ட், அலைன்மென்ட், ட்ரைவ் ஆயில் நாலும் பாருங்க. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ள வருது. சீலைப் பாத்து மாத்திட்டுத்தான் மறுபடி இறக்கணும்.